மறைந்த கையும் திறந்த வானமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த ஊர் சங்கரன்கோவில். இங்குள்ளோர் வானத்தை அண்ணாந்து பார்ப்பது பெரும்பாலும் மழை வருமா என்று அறியத்தான். ஆயினும், உலகத்துப் பேச்செல்லாம் கைப்பேசி வழியே வந்து சேரும் இந்நாளில், வானத்தைப் பற்றிய வேறொரு பேச்சும் நம் இல்லங்களுக்குள் நுழைந்துவிடுகின்றது. வேற்றுலகினர் பூமிக்கு வரவிருக்கின்றனர். வல்லரசுகளுக்கு இது நெடுநாளாகத் தெரியும். அந்நாள் வரும்போது மக்கள் திகைத்துவிடாதிருக்கும் பொருட்டு, திரைப்படங்களும் தொலைக்காட்சியும் செய்தித்தாள்களும் நம் மனத்தைச் சிறுகச் சிறுகப் பக்குவப்படுத்தி வருகின்றன. இவற்றையெல்லாம் மறைந்த கை ஒன்று இயக்குகின்றது. இதுவே அப்பேச்சின் சாரம்.

இதைச் சிரித்து ஒதுக்கிவிடலாமே, இறையியலும் இலக்கியமும் பேசும் ஏட்டில் இதற்கு ஏன் இடம் என்று சிலர் கேட்கலாம். காரணங்கள் இரண்டு உண்டு. முதலாவது, இப்பேச்சின் பல வடிவங்களில் நம் திருச்சபையே சதியின் பங்காளியாகக் குறிப்பிடப்படுகின்றது. இரண்டாவது, ஆயத்தம் என்னும் சொல் நமக்குரிய சொல். ஆண்டுதோறும் திருவருகைக் காலத்தில் நாம் செய்வது ஆயத்தமே. எதற்காக, யாரால், எவ்வாறு ஆயத்தப்படுத்தப்படுகின்றோம் என்பதில் தெளிவு இல்லாதவர் எந்த ஆரவாரத்திற்கும் இரையாவார். ஆகவே இப்பேச்சின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையுடன் பார்ப்போம்.

வானொலியும் செய்தித்தாளும்

1938ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இரவு, அமெரிக்க வானொலியில் ஆர்சன் வெல்ஸ் என்னும் இளங்கலைஞர் ஒரு நாடகத்தை ஒலிபரப்பினார். எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட, செவ்வாய்க் கோளத்தினர் பூமியைத் தாக்கும் கதை அது. நாடகத்தின் முற்பகுதி செய்தி அறிக்கை போலவே அமைந்திருந்தமையால், கேட்டோர் சிலர் அதை உண்மையென்று நம்பி அஞ்சினர். மறுநாள் செய்தித்தாள்கள் நாடு முழுவதும் பீதியில் ஓடியதாக எழுதின. பிற்கால ஆய்வாளர் பலர் அப்பீதி மிகைப்படுத்தப்பட்டது என்கின்றனர். விளம்பர வருவாயைப் பங்கு போட வந்த வானொலியை நம்பத்தகாதது என்று காட்டுவதில் செய்தித்தாள்களுக்கு ஆதாயம் இருந்தது என்பதையும் அவர்கள் சுட்டுகின்றனர். ஒரு சாதனம் அச்சத்தை உண்டாக்கிற்று. மற்றொரு சாதனம் அந்த அச்சத்தைப் பன்மடங்காக்கி விற்றது. இதற்கு மறைந்த கை எதுவும் தேவைப்படவில்லை.

பத்து ஆண்டுகளுக்குப் பின், 1949 பிப்ரவரி 12 அன்று, எக்குவடோர் நாட்டின் தலைநகரான கீட்டோவில் அதே கதை இசுப்பானிய மொழியில் ஒலிபரப்பாயிற்று. மக்கள் தெருக்களில் திரண்டனர். கேட்டது வெறும் நாடகம் என்று தெரிந்ததும் அவர்களுடைய அச்சம் சினமாக மாறியது. வானொலி நிலையமும் அதற்கு உரிமையான செய்தித்தாளும் இருந்த கட்டடத்தைக் கூட்டம் தீக்கிரையாக்கிற்று. உள்ளே இருந்தோரில் சிலர் மாண்டனர். செவ்வாயிலிருந்து ஒருவரும் வரவில்லை. மனிதர் கையால் மனிதர் மடிந்தனர். இப்படிப்பட்ட கதைகளில் உண்மையான ஆபத்து எங்கிருந்து எழுகின்றது என்பதற்கு இந்நிகழ்ச்சியே போதிய சான்று.

மறைக்கப்பட்டவை எவை?

சதி என்று பேசுவோரிடம் நாம் நேர்மையுடன் நடந்துகொள்ள வேண்டும். அவர்கள் கூறுவது முழுவதும் கற்பனை என்று தள்ளிவிட இயலாது. அரசுகள் பலவற்றை மறைத்தது உண்மையே.

1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்டு என்னும் விமானி, அமெரிக்காவின் ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் விரைந்து பறக்கக் கண்டதாகக் கூறினார். நீரின் மேல் எறிந்த தட்டு துள்ளித் துள்ளிச் செல்வது போல் அவை சென்றன என்றார் அவர். தட்டு என்பது அவற்றின் ஓட்டத்துக்கு அவர் சொன்ன உவமை. செய்தித்தாள்கள் அதனை வடிவத்தின் பெயராக்கி, பறக்கும் தட்டு என்னும் சொல்லை உலகுக்கு அளித்தன. அதன்பின் மக்கள் கண்ணுக்குத் தட்டுகளே தென்பட்டன!

அடுத்த மாதம் ராஸ்வெல் என்னும் ஊரருகே ஏதோ ஒன்று விழுந்து கிடந்தது. படையினர் முதலில் பறக்கும் தட்டு என்று அறிவித்துவிட்டு, பிறகு வானிலை பலூன் என்று மாற்றிச் சொன்னார்கள். 1994இல் அமெரிக்க விமானப்படை உண்மையை வெளியிட்டது. சோவியத் நாட்டின் அணுகுண்டுச் சோதனைகளை உளவறிய உயரப் பறக்கவிட்ட இரகசியப் பலூன் அது. மேலும், 1950களிலும் 60களிலும் மக்கள் கண்ட மருமப் பறவைகளில் பாதிக்கு மேற்பட்டவை தங்கள் உளவு விமானங்களே என்று அமெரிக்க உளவுத்துறையின் வரலாற்றாய்வு ஒன்று 1997இல் கூறிற்று. அக்காலத்தில் மக்களுக்குப் பொய்யான விளக்கங்கள் தரப்பட்டதையும் அது ஒப்புக்கொண்டது.

செய்திச் சாதனங்களின் மூலம் மக்களைப் பக்குவப்படுத்தும் எண்ணமும் இருந்ததுண்டு. 1953 ஜனவரியில் ராபர்ட்சன் என்னும் இயற்பியலாளர் தலைமையில் உளவுத்துறை ஒரு குழுவைக் கூட்டியது. பறக்கும் தட்டுப் பேச்சின் மீது மக்களுக்குள்ள மோகத்தைத் தணிக்கத் தொலைக்காட்சியையும் திரைப்படத்தையும் பயன்படுத்தலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது. வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் பெயரும் அதில் அடிபட்டது. ஆனால் திசையைக் கவனியுங்கள்: வேற்றுலகினரை நம்பச் செய்வதற்கு அன்று, நம்பாதிருக்கச் செய்வதற்கே அவர்கள் அவ்வழியை நாடினர். 1960இல் நாசாவுக்காகப் புரூக்கிங்ஸ் என்னும் ஆய்வு நிறுவனம் அளித்த அறிக்கையின் ஒரு சிறு பகுதி, வேற்றுலக உயிர்கள் கண்டறியப்பட்டால் சமூகம் எவ்வாறு எதிர்கொள்ளும், அச்செய்தியை எவ்வாறு வெளியிடுவது அல்லது எந்நிலையில் வெளியிடாதிருப்பது என்று ஆராயலாம் எனக் கூறியது. இரகசியம் என்று இன்று முணுமுணுக்கப்படும் இவ்வறிக்கை, அந்த ஆண்டு டிசம்பரிலேயே நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் செய்தியாக வந்துவிட்டது.

ஆக, மறைப்பு இருந்தது. மறைக்கப்பட்டவை உளவு விமானங்களும் ஆயுதப் போட்டியும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வறிக்கையும், 1945 முதல் நடந்த விசாரணைகள் எதிலும் வேற்றுலகத் தொழில்நுட்பத்திற்குச் சான்று கிடைக்கவில்லை என்றே கூறிற்று. பொய் சொன்ன அரசை மக்கள் பிறகு நம்ப மறுப்பது இயல்பு. சமூகத் தொடர்புச் சாதனங்கள் குறித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட ஆணை, செய்திகளை அறியும் உரிமை மனிதருக்கு உண்டு என்று வலியுறுத்தியது. அந்த உரிமை மறுக்கப்படும் இடத்தில் வதந்தி தானே முளைக்கும்.

திருச்சபையின் மீது பழி

1994இல் கனடா நாட்டின் கியூபெக்கைச் சேர்ந்த செர்ஜ் மோனாஸ்ட் என்னும் செய்தியாளர், நீலக்கதிர்த் திட்டம் என்றொரு சதியைப் பற்றி எழுதினார். நாசாவும் ஐக்கிய நாடுகள் அவையும் கூடி, விண்ணில் பேரளவு ஒளிப்படிமங்களைக் காட்டி, கிறிஸ்து முதலான சமயத் தலைவர்களின் வருகையைப் போலியாக நடத்தி, வேற்றுலகினர் படையெடுப்பு என்று அச்சுறுத்தி, பழைய சமயங்களையெல்லாம் அழித்து ஒரே சமயத்தை நிறுவப்போகின்றன என்பது அவர் கூற்று. அவர் 1996இல் மறைந்தார். இவையெல்லாம் நடந்துவிடும் என்று குறிக்கப்பட்ட 2000ஆம் ஆண்டும் வந்து போயிற்று. கதை மட்டும் சாகவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி வானில் இனந்தெரியாத விளக்குகள் தென்பட்டபோது அது மீண்டும் உயிர்பெற்று உலகெங்கும் பரவிற்று.

வத்திக்கான், லூசிபர் என்னும் பெயருடைய தொலைநோக்கியால் வேற்றுலக மீட்பர் ஒருவரை எதிர்பார்த்துக் கொண்டிருக்கின்றது என்பது மற்றொரு கதை. உண்மை என்ன? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக் கிரகாம் மலையில் வத்திக்கான் வான் ஆய்வகத்துக்கு ஒரு தொலைநோக்கி உண்டு. அதே மலையில் வேறு நிறுவனங்களின் பெரிய தொலைநோக்கி ஒன்றும் உள்ளது. அதில் பொருத்துவதற்காகச் செருமானிய ஆய்வாளர்கள் உருவாக்கிய கருவிக்கு, அதன் நீண்ட பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து அப்பெயரை இட்டார்கள். அது வத்திக்கானின் கருவியன்று. பின்னர் அப்பெயரும் லூசி என்று சுருக்கப்பட்டுவிட்டது.

வேற்றுலகில் உயிர்கள் உண்டா என்னும் வினாவைத் திருச்சபை மூடி மறைக்கவும் இல்லை. கடவுளால் பல உலகங்களைப் படைக்க இயலாது என்று சொல்வது தவறு என, 1277ஆம் ஆண்டிலேயே பாரிசு ஆயர் எத்தியேன் தாம்பியே கண்டித்தார். கூசா நகரத்து நிக்கோலாஸ் 1440இல் எழுதிய நூலில், விண்மீன்களிலும் உயிர்கள் வாழக்கூடும் என்று துணிந்து எண்ணினார். பின்னாளில் அவர் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். வத்திக்கான் வான் ஆய்வகத்தின் இயக்குநராயிருந்த இயேசு சபை அருள்தந்தை ஃபூனெஸ், 2008 மே மாதம் வத்திக்கான் நாளேட்டுக்கு அளித்த நேர்காணலில், வேற்றுலகில் அறிவுடைய உயிர்கள் இருந்தால் அவையும் கடவுளின் படைப்பே, நம் உடன்பிறப்புகளே என்னும் கருத்துப்படப் பேசினார். செவ்வாயிலிருந்து ஒருவர் வந்து திருமுழுக்குக் கேட்டால் என்ன செய்வோம் என்று, திருத்தந்தை பிரான்சிசு 2014 மே மாதத்து மறையுரை ஒன்றில் நகைச்சுவையோடு வினவியதும் நினைவிருக்கலாம். இவையெல்லாம் அச்சிலும் பலிபீடத்திலும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டவை. இரகசியம் எங்கே உள்ளது?

நம் தமிழ் மண்ணுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது பலரும் அறியாதது. 1689 டிசம்பரில் புதுச்சேரியில், சான் ரிசோ என்னும் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ஒரு வால்மீனைத் தொலைநோக்கியால் பார்த்துக் கொண்டிருந்தார். வால்மீன் தோன்றினால் மன்னனுக்குக் கேடு, மக்களுக்குப் பஞ்சம் என்று ஐரோப்பாவும் இந்தியாவும் ஒருங்கே அஞ்சிய காலம் அது. அவர் அஞ்சவில்லை, அளந்தார். அப்போது அருகில் ஒளிர்ந்த ஆல்பா செண்டாரி என்னும் விண்மீன் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டறிந்தார். நம் கதிரவனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் கூட்டம் அதுதான். அக்கூட்டத்தின் மூன்றாவது விண்மீனைச் சுற்றிவரும் கோள் ஒன்று 2016இல் கண்டறியப்பட்டது. உயிர் வாழத்தக்க இடமா என்று இன்றும் அறிஞர் ஆராயும் கோள் அது. கிறிஸ்தவர் வானத்தைப் பார்க்க வேண்டிய முறைக்குப் புதுச்சேரியின் அந்தத் துறவியே நமக்கு முன்மாதிரி.

நம் நாட்டில் நடந்தவை

மறைந்த கை தமிழரையும் பக்குவப்படுத்தி வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது மிகவும் சோம்பலான கை. வேற்றுலகினர் பூமிக்கு வந்து பாடற்கலை வல்ல பெண்ணைக் கவர்ந்து செல்லும் கதையை, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த கலை அரசி என்னும் தமிழ்ப்படம் 1963இலேயே காட்டிவிட்டது. 2024 பொங்கலுக்கு அயலான் திரைக்கு வந்தது. இடையில் அறுபத்தோர் ஆண்டுகள்! இத்தனை நீண்ட பயிற்சிக்குப் பின்னும் தேர்வு நாள் வரவில்லை. படமெடுப்போர் நாடுவது வசூலையே; மக்கள் நாடுவது வியப்பையே. இவ்விரண்டும் போதும் ஒரு படம் உருவாக.

மெய்யாகவே வானிலிருந்து ஒன்று விழவிருந்த ஆண்டு 1979. அமெரிக்கரின் ஸ்கைலாப் என்னும் விண்வெளி நிலையம், ஏறத்தாழ 77 டன் எடையுள்ளது, பூமியில் விழும் என்று செய்தி வந்தது. நம் நாட்டின் பல சிற்றூர்களில் உலகமே முடியப்போகின்றது என்று மக்கள் நடுங்கினர். வளர்த்த ஆட்டையும் கோழியையும் அடித்துத் தின்று தீர்த்தவர்களும், இருந்ததை வந்த விலைக்கு விற்றவர்களும் உண்டு. ஜூலை 11 அன்று அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. மனிதர் எவர்க்கும் காயமில்லை. ஆட்டை இழந்த ஏழை, இழந்தது இழந்ததுதான்.

2001 ஜூலையில், நம் மலைக்கு அப்பால் கேரளத்தின் கோட்டயம், இடுக்கிப் பகுதிகளில் செந்நிற மழை பெய்தது. ஆராய்ந்த அரசு நிறுவனங்கள், பாசி வகை ஒன்றின் விதைத்துகள்களே நிறத்துக்குக் காரணம் என்று அவ்வாண்டே அறிக்கை தந்தன. எனினும், அவை விண்ணிலிருந்து வந்த உயிரணுக்களாக இருக்கலாம் என்று இரு ஆய்வாளர் கூறியதே உலகச் செய்தியாயிற்று. பாசி என்னும் விடையைக் கேட்க யாருக்கு ஆவல்?

2002இல் உத்தரப்பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில் நிலைமை இன்னும் கொடியது. இரவில் ஒளிவீசி வந்து முகத்தைக் கீறும் பொருள் ஒன்று உலவுகின்றது என்று பேச்சு எழுந்தது. முகநோச்வா என்று அதற்குப் பெயரிட்டனர். வேற்றுலகப் பொருள் என்றனர் சிலர்; அயல்நாட்டுச் சதி என்றனர் சிலர். மக்கள் உறங்காது காவல் காத்தனர், காவல்துறையோடு மோதினர், உயிர்களும் பலியாயின.

படித்தோரும் பயிற்சி பெற்றோரும் இதற்கு விலக்கல்லர். 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக் எல்லையில் நம் படைவீரர்கள் விண்ணில் ஒளிப்பொருள்களை 329 முறை கண்டு பதிவு செய்தனர். சீனாவின் உளவுக் கருவிகளோ என்று ஐயம் எழுந்தது. பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் அறிஞர்களை வரவழைத்து ஆராய்ந்தபோது, அவை வியாழனும் வெள்ளியுமே என்று தெரிந்தது. படையினர் தம் ஐயத்தை முரசறையாமல் அறிந்தவரிடம் கேட்டனர். அதனால் வெள்ளிக்கோளின் மீது போர் தொடுக்கும் நிலை வரவில்லை!

அயலார் யார்?

இவ்வளவையும் கூறியது வேடிக்கைக்காக அன்று. மறைந்த கையை நம்பப் பழகிய மனம் அந்தப் பழக்கத்தை வானத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. எதிர்ப்பட்ட அன்னியர் முகத்திலெல்லாம் அது சதியைக் காண்கின்றது.

2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், குலதெய்வக் கோவிலைத் தேடி உறவினரோடு காரில் வந்த முதிய பெண்மணி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்று அந்நாள்களில் கைப்பேசிகளில் வதந்தி பரவியிருந்தது. ஊரார் திரண்டு அடித்ததில் அவர் இறந்தார்; உடன் வந்தோர் படுகாயமுற்றனர். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று பொய்யான காட்சிகள் பரப்பப்பட்டபோது, அஞ்சிய தொழிலாளர் பலர் மூட்டை முடிச்சுகளோடு இரயில் நிலையங்களுக்கு விரைந்தனர். முன்னதில் நாம் அன்னியரை அஞ்சினோம். பின்னதில் அன்னியர் நம்மை அஞ்சினர். இரண்டிலும் எவரும் ஒரு நாழிகை பொறுத்து விசாரிக்கவில்லை.

அந்த முதிய பெண்மணி வேற்றுலகிலிருந்து வரவில்லை, சென்னையிலிருந்து வந்தவர். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், இறுதித் தீர்ப்பின்போது நம்மிடம் கேட்கப்படும் வினாக்களுள் அன்னியரை ஏற்றுக்கொண்டோமா என்பதும் ஒன்று. விண்ணிலிருந்து வருபவரை எவ்வாறு வரவேற்பது என்று கவலைப்படும் நாம், வடமாநிலத்திலிருந்து வேலை தேடி நம் ஊருக்கு வந்த இளைஞனை எவ்வாறு நடத்துகின்றோம்? அவனுக்கு வாடகைக்கு ஓர் அறை கொடுக்கின்றோமா? திருப்பலியில் நம் பக்கத்தில் அமர இடம் கொடுக்கின்றோமா?

சிலர்க்கு மட்டுமே தெரிந்த இரகசிய அறிவு மீட்பளிக்கும் என்று கூறியோரை எதிர்த்து, புனித இரனேயு ஏறத்தாழ கி.பி. 180இல் எழுதினார். திருத்தூதர்கள் கற்பித்தது எல்லாருக்கும் முன் வெளிப்படையாகக் கற்பிக்கப்பட்டது என்பதே அவருடைய அடிப்படை வாதம். இன்றைய சதிக் கதைகளும் அந்தப் பழைய ஆசையையே தூண்டுகின்றன: மற்றவர் உறங்க, நாம் மட்டும் விழித்திருக்கின்றோம் என்னும் பெருமித ஆசை. மறுத்துரைத்தால் மறுப்பே சதிக்குச் சான்றாகிவிடும். சான்று இல்லையென்றால் மறைத்துவிட்டார்கள் என்பது விடையாகும். எவ்வகையாலும் பொய்யென்று காட்ட முடியாத கூற்று அறிவையும் வளர்க்காது, விசுவாசத்தையும் வளர்க்காது.

ஆகவே நம் இல்லங்களில் ஒரு சிறு ஒழுங்கை மேற்கொள்ளலாம். வியப்பூட்டும் செய்தி வரும்போது, இதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், முன்பு அவர் குறித்த நாளில் அது நடந்ததா என்று கேட்போம். விடை கிடைக்கும்வரை அதனைப் பிறர்க்கு அனுப்பாதிருப்போம். அன்பியக் கூட்டங்களில் இளைஞரோடு அமர்ந்து இவற்றைப் பேசுவோம். அவர்களைக் கேலி செய்தால் அவர்கள் நம்மிடம் பேசுவதை நிறுத்துவர். கதையை நம்புவதை நிறுத்தமாட்டார்கள்.

காத்திருத்தலின் பொருளைச் சங்கரன்கோவில் மக்கள் அறியாதவரல்லர். அரியும் அரனும் ஒன்றாகத் தோன்றும் காட்சிக்காகக் கோமதி அம்மன் தவமிருந்த கதையை ஆண்டுதோறும் ஆடித்தபசு விழாவில் அவர்கள் கொண்டாடுகின்றனர். அத்தவம் ஊரறிய, பகலறிய நிகழ்வது. நம் திருவருகைக் காலமும் அத்தகையதே. நாம் காத்திருப்பவர் மாட்டுத்தொழுவத்தில் பிறந்தார்; அவரை முதலில் கண்டவர்கள் வயலில் கிடைகாத்த இடையர்கள். வானத்தின் செய்தி அவர்களுக்குக் கிடைத்தபோது, அஞ்ச வேண்டாம் என்பதே அதன் முதற்சொல்லாக இருந்தது. அச்சத்தை விதைக்கும் எந்தச் செய்தியையும் அந்த முதற்சொல்லோடு ஒப்பிட்டுப் பார்த்து, பின்பு நம்புவதா விடுவதா என்று முடிவு செய்வோமாக.